காலிக் கட்டத்துக்கு எத்தனை மதிப்பெண்?

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. கணக்குப் பாடத்தில் இரண்டு குறுந்தேர்வும் ஒரு பருவத் தேர்வும் எழுதியிருக்கிறாள். முதல் குறுந்தேர்வில் 10-க்கு 10. இரண்டாவதில் 10-க்கு 9. பருவத் தேர்வில் 60-க்கு 30. அவள் எத்தனை சதவீதம்?

பள்ளியின் இணையவழிக் கற்றல் தளத்தைக் கேட்டால் 80 என்று சொல்லும். 61.25 என்றும் சொல்லும். 68 என்றும் சொல்லும். இன்னும் நோண்டினால் 90, 50, 100 என்றுகூடச் சொல்லும். ஆறு விடைகளிலும் கணக்குப் பிழை கிடையாது. ஆண்டுத் தொடக்கத்தில் ஏதோ ஒரு பட்டியலில் எந்த முறையை யார் தேர்ந்தெடுத்தார்கள், அல்லது ஒன்றையும் தொடாமல் வந்தபடியே விட்டுவிட்டார்கள் என்பதைப் பொறுத்து இவற்றில் ஒன்று பெற்றோரின் கைப்பேசிக்குப் போகும்.

எங்கள் பள்ளியில் அந்த 'யார்' நான்தான். கணக்கு வாத்தியாருக்குக் கம்ப்யூட்டர் கணக்கும் வரும் என்று தலைமையாசிரியர் நம்பினார். அவர் நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் மூடில் (Moodle) என்ற அந்தக் கற்றல் தளம் என் தலையில் விழுந்தது.

மூடில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மார்ட்டின் டூகியாமாஸ் என்பவர் எழுதிய இந்த மென்பொருளின் முதல் பதிப்பு 2002 ஆகஸ்டில் வெளியானது. இலவசம், மூல நிரல் திறந்தது, சொந்த சர்வரில் ஏற்றிக்கொள்ளலாம் என்பதால் உலகெங்கும் பல்கலைக்கழகங்களும் பள்ளிகளும் எடுத்துக்கொண்டன. பாடம் ஏற்றலாம், தேர்வு வைக்கலாம், வீட்டுப்பாடம் வாங்கலாம். அதெல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். கடைசிவரை பிடி கொடுக்காதது அதன் மதிப்பெண் ஏடு. 2008-இல் வந்த 1.9 பதிப்பில் அதை அடியோடு மாற்றி எழுதினார்கள். 2014-இல் 2.8 பதிப்பில், 'இயல்பான' முறை என்று ஒன்றைப் புகுத்தி மறுபடியும் மாற்றினார்கள். மதிப்பெண்களைக் கூட்டுவதற்கு இத்தனை பாடா என்று தோன்றலாம். எனக்கும் தோன்றியது. பிறகுதான் தெரிந்தது, கூட்டுவது அதன் வேலையில் ஒரு சிறு பங்குதான்.

அந்த ஆறு விடைகளுக்கு வருவோம். மூன்று தேர்வுகளையும் தனித்தனியே சதவீதமாக்கினால் 100, 90, 50. மூன்றின் சராசரி 80. இந்த முறையில் பத்து நிமிடக் குறுந்தேர்வும் இரண்டு மணி நேரப் பருவத் தேர்வும் ஒரே தட்டில் நிற்கின்றன. வாங்கியதையெல்லாம் கூட்டி, மொத்தத்தால் வகுத்தால் 80-க்கு 49, அதாவது 61.25. இதுதான் இப்போது மூடிலில் வந்தபடியே இருக்கும் 'இயல்பான' முறை. தமிழ்நாட்டில் 2012-13-இல் முப்பருவ முறையோடு வந்த கணக்கைப் பின்பற்றி, வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று வெயிட்டேஜ் வைத்தால், குறுந்தேர்வுகளின் 95 சதவீதத்திலிருந்து 38, பருவத் தேர்வின் 50 சதவீதத்திலிருந்து 30, ஆக 68. ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதிய தலைமுறைக்கு வெயிட்டேஜ் என்றால் என்ன என்று நான் விளக்கத் தேவையில்லை. அவர்கள் எனக்கு விளக்குவார்கள். மிச்சமிருக்கும் மூன்று விடைகள் இடைநிலை எண், மிகக் குறைந்தது, மிக அதிகம் என்ற முறைகளிலிருந்து வருபவை. அந்த மூன்றையும் பள்ளியில் யாராவது பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. ஆனால் பட்டியலில் இருக்கின்றன. விரல் தவறினால் போதும்.

கூட்டல் முறைதான் எல்லாவற்றிலும் நியாயமானது என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். வாங்கியதைக் கூட்டுகிறோம், வேறென்ன வேண்டும்? ஜூலையில் அப்படித்தான் இருந்தது. 80 மதிப்பெண்ணில் 60 பருவத் தேர்வுக்கு, அதாவது முக்கால் பங்கு. பிறகு வாரம் ஒரு குறுந்தேர்வு வைக்கும் உற்சாகம் வந்தது. பன்னிரண்டாவது குறுந்தேர்வு முடிந்தபோது குறுந்தேர்வுகளின் கனம் 120 ஆகிவிட்டது. பருவத் தேர்வு அதே 60-இல் நிற்கிறது. முக்கால் பங்காக இருந்தது மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை, எந்த அமைப்பையும் மாற்றவில்லை. கேள்வித்தாள் தயாரித்ததுதான் குற்றம். பிரிவுகளைத் தனியாக அமைத்து ஒவ்வொன்றுக்கும் பங்கைக் கட்டிப்போட்டால் இது நடக்காது; பன்னிரண்டு வைத்தாலும் இருபது வைத்தாலும் குறுந்தேர்வுக் கூட்டத்துக்கு 40-தான். இதை மென்பொருளின் கையேட்டில் படித்திருக்கலாம். நான் நவம்பரில் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இவையெல்லாம் இருக்கும் மதிப்பெண்களைப் பற்றிய தகராறுகள். இல்லாத மதிப்பெண்ணைப் பற்றிய தகராறு இதைவிடப் பெரிது.

மேலே சொன்ன மாணவியின் தந்தை ஒரு நாள் காலை பிரேயர் முடியும் முன்பே பள்ளிக்கு வந்து நின்றார். கையில் கைப்பேசி. "சார், நேற்று ராத்திரி பார்த்தபோது 80 இருந்தது. விடிந்ததும் பார்த்தால் 60. ராத்திரியில் என்ன பரீட்சை வைத்தீர்கள்?" என்றார். கேலியாகத்தான் கேட்டார், ஆனால் முகத்தில் கேலி இல்லை.

ராத்திரியில் பரீட்சை நடக்கவில்லை. நான் ஒரு டிக்கை எடுத்திருந்தேன், அவ்வளவுதான். மூடிலின் ஒவ்வொரு பிரிவிலும் 'காலியான மதிப்பெண்களை விலக்கு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. வந்தபடியே விட்டால் அதில் டிக் இருக்கும். மதிப்பெண் இல்லாத கட்டத்தைக் கணக்கிலேயே சேர்க்காமல் தாண்டிப் போ என்பது அதற்குப் பொருள். டிக்கை எடுத்துவிட்டால் காலிக் கட்டம் ஒவ்வொன்றும் பூஜ்யம். அந்தப் பெண்ணுக்கு 20 மதிப்பெண் வீட்டுப்பாடம் ஒன்று காலியாக இருந்தது. அப்போது நாங்கள் சராசரி முறையில் இருந்தோம். விலக்கினால் 100, 90, 50-இன் சராசரி 80. சேர்த்தால் 100, 90, 50, 0-இன் சராசரி 60.

நான் ஏன் டிக்கை எடுத்தேன்? அதற்கும் காரணம் இருந்தது. அதே வகுப்பில் ஒரு பையன் ஆண்டு முழுவதும் ஒரே ஒரு குறுந்தேர்வு எழுதி, அதில் பத்துக்குப் பத்து வாங்கிவிட்டு, 100 சதவீதத்தோடு வகுப்பு முதல்வனாக நின்றுகொண்டிருந்தான். மற்ற எந்த வேலையையும் அவன் தொடவில்லை. காலிகளை விலக்கும் கணக்கில், ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் மிகச் சிறந்த உத்தி என்பதை அவன் எனக்கு முன்பே கண்டுபிடித்திருந்தான். அவனைக் கீழே இறக்க நான் எடுத்த டிக், இந்தப் பெண்ணையும் சேர்த்து இறக்கிவிட்டது.

பழைய மதிப்பெண் பதிவேட்டில் இந்தச் சிக்கல் இல்லை. வராதவருக்குச் சிவப்பு மையில் ஆப்சென்ட் என்று எழுதினோம். திருத்தாத தாளுக்கு இடத்தை விட்டுப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தோம். செய்யாதவருக்குச் சைபர் போட்டோம். மூன்றும் மூன்று விதமாகக் கண்ணில் படும். கணினியின் மதிப்பெண் ஏட்டில் மூன்றுக்கும் ஒரே சிறு கோடு. இன்னும் நேரம் வராதது, நேரம் கடந்தும் செய்யாதது, செய்ய முடியாமல் போனது என்று மூன்று வேறு வேறு செய்திகள் ஒரே காலிக் கட்டத்துக்குள் ஒளிந்திருக்கின்றன. அவற்றுள் எது என்று கணினிக்குத் தெரியாது. கேட்கவும் கேட்காது.

இது மூடிலின் தனிக் குறை என்று நினைக்க வேண்டாம். கொரோனா காலத்தில் எத்தனையோ பள்ளிகள் அவசரமாகப் பிடித்துக்கொண்ட கூகுள் கிளாஸ்ரூமிலும் இதே கதைதான். அங்கே மொத்த மதிப்பெண் வேண்டாம், எல்லாப் புள்ளிகளையும் கூட்டு, பிரிவு வாரியாக வெயிட்டேஜ் போடு என்று மூன்றே வழிகள். வெயிட்டேஜ் என்றால் பிரிவுகளின் பங்கு கூட்டி 100 வர வேண்டும். மதிப்பெண் இடப்படாத வேலை அங்கேயும் சராசரியில் சேராது. பூஜ்யம் வேண்டுமானால் அந்தக் காலத்தில் ஆசிரியர் கையால் பூஜ்யம் இட வேண்டியிருந்தது. எளிமை என்ற வகையில் எனக்கு அது பிடிக்கும். மூடிலில் ஐம்பது பொத்தான்கள் இருந்து குழப்புகின்றன என்றால், அங்கே பொத்தான் இல்லாததால் குழப்பம் வெளியே தெரியாமல் இருக்கிறது.

காலிக் கட்டத்தின் விளையாட்டு இன்னொரு சலுகையோடு சேரும்போது உச்சத்துக்குப் போகிறது. 'மிகக் குறைந்த ஒன்றைக் கழித்துவிடு' என்ற சலுகை ஆசிரியர்களுக்கு மிகவும் பிடித்தது. எந்தப் பிள்ளைக்கும் ஒரு மோசமான நாள் இருக்கத்தான் செய்யும். நான்கு குறுந்தேர்வு வைத்து, குறைந்த ஒன்றை விட்டுவிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கையும் எழுதிய ஒருவன் 9, 8, 7, 3 வாங்குகிறான். 3 கழிகிறது, 30-க்கு 24, எண்பது சதவீதம். அவன் பக்கத்து பெஞ்சுக்காரன் முதல் மூன்றில் அதே 9, 8, 7 வாங்கிவிட்டு, கடினமான நான்காவது தேர்வன்று வயிற்றுவலி என்று வீட்டில் இருந்துவிட்டான். காலியை விலக்கும் அமைப்பில் அவனுடைய நான்காவது கட்டம் கணக்கிலேயே வராது. இருக்கும் மூன்றிலிருந்து குறைந்த 7 கழிகிறது. 20-க்கு 17, எண்பத்தைந்து சதவீதம். வந்து எழுதித் தோற்றவனைவிட வராதவன் ஐந்து சதவீதம் மேலே. சலுகை கொடுக்கும் நல்லெண்ணமும் காலியை மன்னிக்கும் நல்லெண்ணமும் கைகோத்தால் இப்படித்தான் ஆகிறது. ஒன்றைக் கொடுத்தால் மற்றதை நிறுத்த வேண்டும்.

எண்ணாக இல்லாமல் சொல்லாக மதிப்பிடும்போது இன்னொரு வேடிக்கை. எங்கள் தமிழ் ஆசிரியை கட்டுரைகளுக்கு எண் போட மாட்டார். 'முயல்கிறாய்', 'நன்று', 'மிக நன்று' என்று மூன்று படிகள் வைத்திருந்தார். அழகான வழக்கம். அதை அப்படியே மூடிலில் அளவுகோலாக அமைத்துக் கொடுத்தேன். மென்பொருள் சொல்லைப் படிப்பதில்லை, வரிசையைத்தான் எண்ணுகிறது. சராசரி முறையில் முதல் படி பூஜ்யம், கடைசிப் படி நூறு, நடுப்படி ஐம்பது. 'நன்று' வாங்கிய பிள்ளைகளெல்லாம் பாதி மதிப்பெண்ணோடு நின்றார்கள். 'முயல்கிறாய்' என்று தட்டிக்கொடுத்த பிள்ளைக்குச் சைபர். "நான் பாராட்டித்தானே எழுதினேன்?" என்று அவர் என்னைக் கேட்டார். பாராட்டைச் சதவீதமாக்க வேண்டாம் என்று அந்தப் பிரிவை மொத்தக் கணக்கிலிருந்தே வெளியே எடுத்துவிட்டோம். அது மாணவர் அறிக்கையில் தெரியும், கூட்டலில் சேராது. அந்த ஏட்டில் நான் செய்த மிக நல்ல காரியம் இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

தரக் குறியீடுகள் தனிக் கதை. மூடிலோடு வந்தபடியே இருக்கும் ஏணியில் 93-க்கு மேல் 'ஏ', 90-க்கு 'ஏ மைனஸ்' என்று இறங்கி, 60-க்குக் கீழே போனால் 'எஃப்', அதாவது ஃபெயில். 35-இல் தேர்ச்சி என்று பழகிய ஊரில், 58 வாங்கிய பிள்ளையின் அறிக்கையில் 'எஃப்' என்று வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் வேலையாக அந்த ஏணியைத் தூக்கிவிட்டு நம்முடைய ஏ1, ஏ2, பி1 ஏணியை வைக்க வேண்டும். வைத்தோம். அதிலும் ஒரு கண்ணி இருந்தது. நம் பட்டியலில் 91 முதல் 100 வரை ஏ1, 81 முதல் 90 வரை ஏ2. தாளில் எழுதும்போது முழு எண்கள் மட்டும்தான் என்பதால் 90-க்கும் 91-க்கும் நடுவே ஒன்றும் இல்லை. கணினிக்கு அங்கே ஒரு லட்சம் படிகள் இருக்கின்றன. உள்ளே ஐந்து தசம இடம் வரை கணக்கிடுகிறது. அறிக்கை பார்க்க அழகாக இருக்கட்டும் என்று தசமத்தை மறைத்து வைத்திருந்தேன். ஒரு பையனின் உண்மையான மொத்தம் 90.6. திரையில் அது 91 என்று உருண்டு நின்றது. தரத்தை மென்பொருள் உருட்டாத எண்ணிலிருந்து எடுத்தது, ஏ2. ஒரே வரியில் '91, ஏ2' என்று அச்சாகிப் போனது. தசமத்தை மறைப்பது காட்சிக்கு மட்டும்தான், கணக்குக்கு இல்லை என்பதை அந்தப் பையனின் தாயாருக்கு விளக்க அரை மணி நேரம் ஆனது. விளக்கம் சரியானது. ஆனால் அந்த விளக்கம் தேவைப்பட்டதே தப்பு. எல்லைகளைக் கொஞ்சம் இறக்கி 90.5 என்று வைத்தபிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது.

கையால் எழுதும் மதிப்பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். குறுந்தேர்வுகளின் மதிப்பெண் தேர்விலிருந்து ஏட்டுக்குத் தானாக ஓடி வரும். ஆசிரியர் ஏட்டுக்குள்ளே போய் ஒரு கட்டத்தில் எண்ணைத் தட்டினால், இது ஆசிரியர் சொன்னது என்று குறித்துக்கொண்டு அந்த ஓட்டத்தை மென்பொருள் அடைத்துவிடும். கட்டத்தின் நிறம் மாறும். அவ்வளவுதான் எச்சரிக்கை. ஒருமுறை குறுந்தேர்வின் ஏழாவது கேள்விக்கு நான் விடைக்குறிப்பைத் தவறாகக் கொடுத்திருந்தேன். மாணவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். திருத்தி, எல்லாருக்கும் மறுமதிப்பீடு ஓடவிட்டேன். மதிப்பெண்கள் ஏறின, மூன்று பேரைத் தவிர. முந்தின நாள் அந்த மூவரும் நேரில் வந்து கேட்டபோது வேறு ஏதோ திருத்தத்துக்காக ஏட்டிலேயே எண்ணைத் தட்டியிருந்தேன். முதலில் வந்து நியாயம் கேட்டவர்களுக்குத்தான் நியாயம் போய்ச் சேரவில்லை. அதிலிருந்து எந்தத் திருத்தத்தையும் தேர்வுக்குள்ளே போய்த்தான் செய்கிறேன், ஏட்டில் கைவைப்பதில்லை.

கூட்டலும் சராசரியும் சொல்ல முடியாத விதிகளும் உண்டு. பிளஸ் டூவில் செய்முறை உள்ள பாடங்களுக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு மொத்தம் 35 போதாது. எழுத்துத் தேர்வில் மட்டும் குறைந்தது 15 வேண்டும். செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் முழுசாக 30 வாங்கி, எழுத்தில் 14 வாங்கியவருக்கு மொத்தம் 44. தேர்ச்சி இல்லை. பொறியியல் மாணவர்களுக்கு நன்கு பழக்கமான என்பிடெல் (ஐஐடிகள் இணையவழியில் நடத்தும் NPTEL) படிப்புகளிலும் இதே அமைப்பு. வாராந்திரப் பயிற்சிகளுக்கு 25, இறுதித் தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரப் படிப்பென்றால் பயிற்சிகளில் சிறந்த எட்டை மட்டும் எடுப்பார்கள். சான்றிதழ் வேண்டுமானால் பயிற்சியில் 10-உம் தேர்வில் 30-உம் தனித்தனியே எட்ட வேண்டும். பயிற்சியில் 25-க்கு 25 வாங்கி, தேர்வில் 29 வாங்கினால் கூட்டுத்தொகை 54, சான்றிதழ் கிடையாது. இரண்டு கதவுகள், இரண்டையும் திறந்தாக வேண்டும். மொத்தம் என்ற ஒரே எண்ணைக் காட்டும் ஏட்டில் இந்த இரண்டாவது கதவு தெரியாது. 44-ஐப் பார்க்கும் பிள்ளை தேர்ச்சி என்றுதான் நினைத்துக்கொள்ளும். எழுத்துத் தேர்வின் வரியில் தேர்ச்சி எல்லையைத் தனியாகக் குறித்துவைக்காவிட்டால், முடிவு வரும் நாளில்தான் அதற்குத் தெரியும்.

சூத்திரத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் என்ன என்பதை மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் பார்த்தது 2021-இல். கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வு ரத்தானது. எழுதாத தேர்வுக்கு மதிப்பெண் போட வேண்டும்; மாநிலமே ஒரு பெரிய காலிக் கட்டமாக நின்ற நேரம். பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன் எழுத்துத் தேர்விலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று அரசு முடிவு செய்தது. பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடங்களும் அல்ல, அதிக மதிப்பெண் பெற்ற மூன்று பாடங்களின் சராசரி. ஜூலை 19 அன்று முடிவுகள் வந்தன. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்பின் சிறந்த மூன்று பாடச் சராசரி 90 என்றால் அதிலிருந்து 45. பிளஸ் ஒன் இயற்பியலில் 70-க்கு 49 என்றால் அதிலிருந்து 14. செய்முறையும் அகமதிப்பீடும் முழுசாக 30. ஆக இயற்பியலில் 89. இதில் பாதிக்கு மேல், அந்த மாணவர் பத்தாம் வகுப்பில் ஒருவேளை தமிழிலும் சமூக அறிவியலிலும் வாங்கியதிலிருந்து வந்திருக்கும். நான் அந்தச் சூத்திரத்தைக் குறை சொல்லவில்லை; அந்த நிலையில் வேறு எதை வைத்தாலும் யாராவது ஒருவர் வாசலில் வந்து நின்றிருப்பார். ஒன்றை மட்டும் மெச்ச வேண்டும். சூத்திரத்தை முன்கூட்டியே வெளியே சொன்னார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகள் காகிதத்தில் தம் மதிப்பெண்ணைத் தாமே போட்டுப் பார்த்தார்கள்.

அந்த வசதி பள்ளி ஏட்டில் எப்போதும் இருந்திருக்க வேண்டியது. மூடிலில் மாணவர் பார்க்கும் அறிக்கையில், ஒவ்வொரு தேர்வும் மொத்தத்துக்கு எவ்வளவு பங்களித்தது என்று காட்டும் பத்தி ஒன்று உண்டு. பெரும்பாலும் அதை மறைத்துவைக்கிறார்கள், குழப்பும் என்று. நாங்களும் மறைத்துவைத்திருந்தோம். திறந்துவிட்ட பிறகு கேள்விகள் கூடின, சண்டைகள் குறைந்தன.

எதை மறைத்தாலும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது வேறு. ஒரு பருவத் தேர்வின் மதிப்பெண்ணை, விடைத்தாள் கொடுக்கும்வரை தெரிய வேண்டாம் என்று மறைத்தேன். மொத்தத்தை மறைக்க மறந்துவிட்டேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "சார், எனக்கு அறுபதுக்கு முப்பதுதானா?" என்று கேட்டான். எப்படித் தெரியும் என்றேன். "மொத்தம் 48 போட்டிருக்கிறது சார். ரெண்டு குறுந்தேர்விலும் சேர்த்து 18. மிச்சம் 30." அவனுக்குக் கழித்தலுக்கு மட்டுமாவது முழு மதிப்பெண் கொடுத்திருக்க வேண்டும்.

அந்தத் தந்தையிடம் அன்று காலை நான் மன்னிப்புக் கேட்டேன். டிக்கைத் திரும்பப் போட்டிருந்தால் அவர் மகளுக்கு 80 திரும்பியிருக்கும். அந்த ஒற்றைத் தேர்வு வகுப்பு முதல்வனும் திரும்பியிருப்பான். அதனால் போடவில்லை. மதியம் ஆசிரியர் அறையில் எல்லாரும் உட்கார்ந்தோம். அறிவியல் ஆசிரியர் தயங்கவே இல்லை. "செய்யாதவனுக்குச் சைபர். இதில் பேச என்ன இருக்கிறது?" தமிழ் ஆசிரியை கேட்டார்: "அம்மை போட்டுப் பத்து நாள் படுத்திருந்த பிள்ளைக்குமா சார்?" அறிவியல் ஆசிரியர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "அது வேறு" என்றார். "அது வேறு என்று கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது?" என்று தமிழ் ஆசிரியை விடவில்லை.

யார் சொல்வது என்பதைத்தான் அன்று முடிவு செய்தோம். கெடு முடிந்து ஒரு வாரம் வரை காலி காலியாகவே இருக்கும், கணக்கில் சேராது. ஒரு வாரத்துக்குப் பிறகும் வராத வேலைக்குப் பாட ஆசிரியர் கையால் பூஜ்யம் தட்ட வேண்டும். ஏட்டில் கைவைப்பதில்லை என்ற என் விரதத்துக்கு இது ஒன்றுதான் விலக்கு. முடியாமல் போனவர்களுக்கு, கடிதம் இருந்தால், அந்த ஒரு மாணவருக்கு மட்டும் அந்த ஒரு வேலையைக் கணக்கிலிருந்து விலக்கும் வசதி மூடிலிலேயே இருக்கிறது. வகுப்பு ஆசிரியர் சொன்னால் நான் அதைச் செய்வேன். விதி பிள்ளைகளின் டைரியில் ஒட்டப்பட்டது. அறிவியல் ஆசிரியருக்கு அந்த ஒரு வாரம் இன்றும் பிடிக்கவில்லை. தமிழ் ஆசிரியைக்கு அந்தக் கடிதம் பிடிக்கவில்லை. எழுதத் தெரியாத பெற்றோர் என்ன செய்வார்கள் என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால் ஒவ்வொரு ஜூன் மாதமும் இதே கூட்டம் நடக்கிறது.

டிக் பழையபடி போடப்பட்டது. பையனுக்கு மறு வாரம் பூஜ்யங்கள் வரிசையாக இறங்கின. அந்த மாணவியின் காலிக் கட்டம், அவள் பாட்டி இறந்து ஊருக்குப் போயிருந்த வாரத்தினுடையது. விடுப்புக் கடிதம் வகுப்பு ஆசிரியரிடம் அப்போதே கொடுக்கப்பட்டிருந்தது. பதிவேட்டில் இருந்தது, ஏட்டுக்கு வரவில்லை. அந்த ஒன்றை விலக்கினேன். மாலையில் அவள் தந்தை தொலைபேசியில் அழைத்தார்.

"80 ஆகிவிட்டது சார். இது இனி மாறாதே?"

"மாறும். வெள்ளிக்கிழமை குறுந்தேர்வு இருக்கிறது" என்றேன்.